ரேடியோக் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு

எழுபத்தேழாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு செங்கல் வீட்டின் பின்பக்கக் குசினியில் நடந்தது இது. ஊரில் வெயில் கொளுத்தும் மாதம், இங்கே குளிர்காலம். வெளியே வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாகக் கிடந்தது. உள்ளே நாங்கள் நாலு பேர் கம்பளிச் சட்டையோடு ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றோம். அந்த ரேடியோவின் முள்ளை ஒரு நேரத்தில் நான் வேறு பக்கம் திருப்பினேன். சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். பகலில் கண்ணாடிப் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, மாலையில் படிப்பு. இன்றைக்கு வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கினால் இடியப்பமும் சொதியும் கிடைக்கிறது. அன்றைக்கு ஒரு பிடி செத்தல் மிளகாய்க்காக நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயில் ஏறுவோம். என்னோடு அந்தச் செங்கல் வீட்டில் பருத்தித்துறைப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விடிந்ததும் முழுகி, குசினி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று தேவாரம் படித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் என் ரேடியோவும் இருந்தது. ஊர்க் குரல் ஏதாவது கடல் தாண்டி வந்து விழாதா என்று வாங்கிய சிற்றலை ரேடியோ. பின்வளவில் துணி காயப்போடும் கம்பத்திலிருந்து ஒரு செப்புக் கம்பியை இழுத்து, யன்னல் வழியாக அதற்குள் சொருகியிருந்தேன்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்துக் கதிரை ஒரு மெக்சிகோக்காரருடையது. நாற்பது வயது தாண்டியிருக்கும். கப்பலில் வேலை செய்து வந்தவர், ஒரு தரம் சிட்னியில் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. ஓடும் பட்டியில் வரிசையாக வரும் போத்தல்களை ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் பார்த்து, குமிழியோ கீறலோ இருப்பதைத் தூக்கி எறிய வேண்டும். கண்ணை எடுக்க முடியாத வேலை. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கதைத்துக்கொண்டிருப்போம். அப்படிப் பார்க்காமல் கதைத்ததால்தானோ என்னவோ, மற்ற யாருக்கும் சொல்லாததையெல்லாம் அவர் எனக்குச் சொன்னார்.

அவருடைய தகப்பன், அவர்களுடைய நகரத்துப் பெரிய கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவர். சுண்ணாம்பில் கள்ளிச்சாறு கலந்து போடுவாராம், மழைக்கும் கரையாதாம். மெக்சிகோக்காரருக்கு ஒரு தம்பி. பதினைந்து வயது இளையவன். அதே கழகத்தின் இளைஞர் அணியில் விளையாடியவன். பத்தொன்பது வயதில் எல்லை தாண்டிக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் தகப்பன் செத்தபோது வரவில்லை. கையில் குடிவரவுக் கடதாசி இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது என்று சொல்லி அனுப்பினான். இவர் தகப்பனின் சவப்பெட்டியைத் தூக்கிய தோளோடு போய்க் கப்பலில் ஏறினார். அதற்குப் பிறகு ஆறு வருடம் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொல் இல்லை.

அந்த ஓகஸ்ட்டில் அவருடைய தங்கையிடமிருந்து வான்தபால் வந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு. வட அமெரிக்கக் கண்டத்துக் கழகங்களுக்கான கோப்பைப் போட்டியில் அவர்களுடைய நகரத்துக் கழகமும் அமெரிக்கக் கழகம் ஒன்றும் மோதப்போகின்றன. அமெரிக்கக் கழகம் என்றால் பெரிய ஆட்கள் இல்லை, பகலில் வேலைக்குப் போய் மாலையில் பந்தடிக்கிற குடியேறிகள். படத்தில் இரண்டாம் வரிசையில் தம்பி நிற்கிறான், வேறு சட்டை போட்டுக்கொண்டு. கடைசியில் கடதாசி கிடைத்து அவன் முதல் தரம் ஊருக்கு வருகிறான், ஊருக்கு எதிராக விளையாட.

பட்டியில் போத்தல்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அவரிடம், யார் வெல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அவன் தோற்க வேணும். ஆனால் அவன்தான் நல்லா விளையாட வேணும்." ஒரு போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏதோ பெரிதாக ஒன்றையும் கேட்காதவர் போலச் சொன்னார். "அந்த மைதானத்திலை அவன்ரை பெயரை ஒருக்கால் கூப்பிடுறதைக் கேட்டால் போதும்."

அவர் பேசியது ஸ்பானிய வாசமடிக்கும் ஆங்கிலம். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது.

உடனே என் ரேடியோவைச் சொன்னேன். அங்கே சனிக்கிழமை மாலை என்றால் இங்கே ஞாயிறு முற்பகல். பத்து மணிக்குத் தொடங்கும், பன்னிரண்டுக்கு முன் முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தோம். பன்னிரண்டை நான் சும்மா சொல்லவில்லை. அந்த மாதம் எங்கள் ஊரிலும் தீ. இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் என்று இங்கத்தைய பத்திரிகையில் நாலு வரி. கொழும்பில் கந்தோர் ஒன்றில் வேலை செய்த என் அக்கா எங்கே என்று தெரியவில்லை. இரண்டு தந்தி அடித்தும் பதில் இல்லை. ஒரு வெளிநாட்டு வானொலி நண்பகலில் ஐந்து நிமிடம் ஆசியச் செய்தி சொல்லும். பத்து நாளாக நானும் அண்ணையும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இருபத்துநாலு மணி நேரமும் இருந்தோம்.

தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற அமெரிக்கன் ஒருவனும் இருந்தான். முப்பது வயது, வியட்நாம் யுத்தத்திலிருந்து விடுமுறைக்கு சிட்னி வந்து, யுத்தம் முடிந்ததும் நேரே இங்கேயே திரும்பி வந்தவன். கால்பந்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் காதில் விழுந்ததிலிருந்து எங்கள் பட்டிப் பக்கம் வண்டியை ஓட்டி ஓட்டி வந்தான். மெக்சிகோக்காரர் அவனை 'கிரிங்கோ' என்பார், வெள்ளை அமெரிக்கனுக்கு அவர்கள் வைத்த பட்டம். கையால் பந்து விளையாடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பெயர் வைக்கிற சாதி என்பார். எங்களுடைய இரண்டாம் அணியே ஏழு கோல் போட்டு அனுப்பும் என்பார். அவன் சிரித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"உன்ரை தம்பி எங்கடை சட்டை போட்டிருக்கிறான். அப்ப இனி நீயும் நானும் சொந்தக்காரர்."

ஞாயிறு காலை அவர் சவரம் செய்து, தோய்த்து அழுத்திய வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அமெரிக்கன் பியர்ப் போத்தல்களோடு வந்தான். நான் ஒன்பது மணியிலிருந்தே தேடிக்கொண்டிருந்தேன். அப்பளம் பொரிகிற சத்தம், மோர்ஸ் தந்தி, எங்கோ ஒரு சீனப் பெண் பாடுவது, திரும்ப அப்பளம். சிற்றலையில் ஒரு மயிரிழை தள்ளினால் ஒரு நாடு போய்விடும். பத்து மணியும் தாண்டியது. அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று கிணற்றடியிலிருந்து வருவது போல ஒரு ஆண் குரல், அதற்குப் பின்னால் ஒரு கூட்டத்தின் இரைச்சல். அவர் எழுந்து நின்றுவிட்டார். தன் நகரத்தின் பெயர் கேட்டதாம்.

இந்த இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று தெரியும். முருகன் படத்தடியில் இருந்த குங்குமத்தைத் தண்ணீரில் தொட்டு, ரேடியோவின் கண்ணாடியில், முள் நின்ற இடத்துக்கு நேரே ஒரு சின்னப் பொட்டு வைத்தேன்.

"சாமிக்கு வாங்கினது, பந்துக்கு வைக்கிறாய்," என்றார் அண்ணை. சொன்னாரே தவிர, தானும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெக்சிகோக்காரர் அந்தப் பொட்டைக் குனிந்து பார்த்தார். பெனால்டி அடிக்கும் இடத்தில் தகப்பன் போடுகிற வெள்ளைப் பொட்டு இப்படித்தான் இருக்கும், ஒரே அழுத்து, இரண்டாம் தரம் தொடமாட்டார் என்றார்.

அங்கே மழை. ஆட்டம் அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. அப்போதே நான் கணக்கைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அணியின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தம்பியின் பெயர் வந்ததும் மைதானம் முழுவதும் விசில் கிளம்பியது. பாராட்டு விசில் இல்லை. அது இத்தனை ஆயிரம் மைல் தாண்டியும் கூராக வந்து குத்தியது. அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெயரைக் கேட்டால் போதும் என்றவர் போகவில்லை. யாருக்குப் போதும்? ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்து, கேட்டதை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதியில் நிறுத்திவிடுவார், கூட்டம் அடங்கியதும் தொடர்வார். இடைவேளைக்கு முன் ஊர்க் கழகம் ஒரு கோல் போட்டது. அவர் மேசையில் தட்டினார், பிறகு தட்டிய கையையே பார்த்தார். ஏழு விழும் என்று வந்த கூட்டத்துக்கு ஒன்றோடு நிற்பது பிடிக்கவில்லை. சேறு, வழுக்கல், தம்பி இரண்டு தரம் விழுந்து எழும்பினான். "எழும்பிட்டான்" என்று அவர் சொன்ன இரண்டு தரமும் அமெரிக்கன் தன் முழங்காலில் கைவைத்துக்கொண்டான்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருந்தபோது அந்தக் குரல் கத்தத் தொடங்கியது. அமெரிக்கக் கழகத்துக்குப் பெனால்டி. கோல் காக்கிறவனுக்கு முன்னால் ஒரு பந்து, ஒரு ஆள், வேறு யாரும் இல்லை.

"யார் அடிக்கிறது?" என்று கேட்டேன்.

"அவன்."

ஆனால் அடிக்கவில்லை. ஏதோ வாக்குவாதம். மழையில் வெள்ளைப் பொட்டு கரைந்துபோய்விட்டதாம். பந்தை எங்கே வைப்பது என்று இரண்டு பக்கமும் சண்டை, நடுவர் காலால் அளக்கிறார், சுண்ணாம்பு கொண்டுவர ஆள் ஓடுகிறான். மெக்சிகோக்காரர் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். தகப்பன் இருந்திருந்தால் இது நடக்காது, இப்போது உள்ளவன் கள்ளிச்சாறு சேர்ப்பதில்லை என்றார்.

அண்ணை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தம்பி, செய்தி நேரம்."

நான் மெக்சிகோக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்க வேண்டியிருக்கும். பொட்டு இருக்கிறது, ஐந்து நிமிடம்தான், அதற்குள் அவர்கள் சுண்ணாம்பே கொண்டுவரமாட்டார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திருப்பினேன். ஓரக்கண்ணில் அவருடைய கை ரேடியோவை நோக்கி எழும்பி, பாதியில் நின்று, மடியில் இருந்த தொப்பிக்கே திரும்பிப் போனது தெரிந்தது.

செய்தி வந்தது. முதலில் வேறு நாடுகள். பிறகு நாங்கள். கொழும்பில் முகாம்களில் இருந்தவர்களை ஏற்றிய கப்பல் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவ்வளவுதான். பெயர் இல்லை, பட்டியல் இல்லை. ஆனால் பத்து நாளில் காதில் விழுந்த முதல் நல்ல வசனம் அது. அண்ணை "முருகா" என்று சுவரில் சாய்ந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகள் தாமாகவே போயின. கோயிலில் தீபத்தைத் தொடுவதுபோல, புத்தகம் காலில் பட்டால் செய்வதுபோல, பத்து விரலாலும் அந்த ரேடியோவின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

பிறகு முள்ளைத் திருப்பப் போனேன்.

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மங்கிய ஒரு சிவப்பு இழுப்பு மட்டும், நாலைந்து நாடுகளுக்கு மேலாக.

எனக்கு விளங்க ஒரு கணம் ஆனது. அவருக்கு ஆகவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"பொட்டு உன்ரை கண்ணிலை இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் விரல் நுனி கூசுகிறது. நான் முள்ளை அங்கும் இங்கும் உருட்டினேன். அண்ணை யன்னலில் கம்பியை இழுத்து இழுத்துப் பிடித்தார். அமெரிக்கன் பின்வளவுக்கு ஓடி, துணிக் கம்பத்தின் நடுவே ஏறி, கம்பியை ஒரு கையால் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றான், எங்கள் சாரங்கள் அவனைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே திரும்பத் திரும்ப அந்தச் சீனப் பெண்தான் பாடினாள். ஒரு மணிவரை தேடினோம். அந்தக் குரல் இனி இல்லை. எங்கோ ஒரு சேற்று மைதானத்தில் ஒருவன் ஓடி வந்து உதைத்தும் விட்டான், உள்ளேயோ வெளியேயோ.

மெக்சிகோக்காரரே கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், ஆங்கிலம் வரவில்லை. "கப்பல் வந்திட்டுதுதானே," என்றார். திரும்பவும் அதையே, எனக்கு இல்லாமல் தனக்குச் சொல்வதுபோல. அண்ணை எல்லோருக்கும் சோறு போட்டார். மெக்சிகோக்காரர் பருப்பைக் கையால் குழைத்துச் சாப்பிட்டார். அக்காவுக்கு எத்தனை வயது, நீந்தத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார். தம்பியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த நாள் பட்டியில் அவர் கண்ணுக்கு முன்னாலேயே குமிழி விழுந்த போத்தல்கள் போயின. நான் எட்டி எட்டி எடுத்தேன். இங்கத்தைய பத்திரிகை எதிலும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அமெரிக்கன் தன் தாய்க்கு எழுதி முடிவைக் கேட்டுத் தருவதாகச் சொன்னான். பகிடி விடாமல், வண்டியை நிறுத்திவிட்டு வந்து சொன்னான்.

"வேண்டாம்," என்றார் அவர். "அவனிட்டையே கேக்கிறன்."

ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தை, தங்கை மூலம் அனுப்ப அவளுடைய விலாசம் போட்டு, தபாலில் சேர்க்கும் முன் எனக்குக் காட்டினார். நீல வான்தபால் தாள் முழுக்க வெறுமை, நடுவில் ஒரே ஒரு சொல். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அவரே சொன்னார்: "கோல் போட்டியா?" அவர்கள் மொழியில் அது ஒரே சொல்லாம்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. அதுவும் அவ்வளவு சின்னது. அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தரம் வாசித்துவிட்டு, வெளிச்சப் பலகைக்கு முன்னால் போத்தலைப் பிடிப்பதுபோல உயர்த்திப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். தம்பி எழுதியிருந்தது: "வந்து கேள்."

அவர் போனார். டிசம்பர் வெயிலில், அதே வெள்ளைச் சட்டையில், ஒரு சின்னப் பெட்டியோடு ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். நானும் அமெரிக்கனும் மேடையில் நின்றோம். ரயில் கிளம்பும்போது அமெரிக்கன், எங்கள் சட்டைக்காரன் அடித்தது உள்ளே போயிருந்தால் எனக்குத் தந்தி அடி என்று கத்தினான். எழுதுகிறேன் என்று அவர் யன்னலால் கையைக் காட்டினார். எழுதியிருப்பார். ஆனால் தைமாதம் அந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று நாங்கள் வேறு வேறு பக்கம் கிளம்பினோம். அவருடைய கடிதம் எந்த வாசலில் வந்து நின்றதோ, தெரியாது. அந்தப் பந்து உள்ளே போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா அந்தக் கப்பலில்தான் வந்திருந்தாள். செப்டெம்பரில் கடிதம் வந்தது. சுகம் என்றும், ஒரு உடுப்போடு வந்து சேர்ந்ததாகவும், "மிச்சமெல்லாம் நீ வரேக்கை சொல்லுறன்" என்றும் எழுதியிருந்தாள். எனக்கு அந்த வருடம் படிப்பில் கடைசிச் சோதனை. அடுத்த வருடம் வேலை. பிறகு கலியாணம், வீட்டுக் கடன், பிறகு ஊரில் யுத்தம், பாதைகளே மூடிவிட்டன. நான் போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அந்தப் பத்து நாளைப் பற்றிக் கேட்டேன். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் பழசடா, இப்ப ஏன்," என்றாள். எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தாள். நேரத்துக்குப் போகாதவனுக்கு அதற்கு மேல் என்ன கிடைக்கும்? அவள் என் மேல் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இப்போது டூங்கபிப் புறநகரில் என் வீட்டில் ரேடியோவே இல்லை. மகள் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு, "கிளப் பெயரைச் சொல்லுங்கோ அப்பா, ஒரு நிமிசத்திலை ஃபைண்ட் பண்ணித் தாறன்," என்கிறாள். நான் சொல்வதில்லை. அவளுக்கு அது விளங்காத பிடிவாதம். அந்த விடையை ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டு, ஆறு வருடத்தை மடித்து வைத்துவிட்டு, தன் தம்பியின் வாயால் கேட்கப் போனார். அதை நான் ஒரு கண்ணாடியில் விரல் வைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது, அந்தக் கண்ணாடி விஷயத்தில் என் விரல்களுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது.

குங்குமம் அன்றைக்கு மாலையே கழுவப் போய்விட்டது. ஆனாலும் யாராவது ஒருவர், "மிச்சத்தை நேரிலை வா, சொல்லுறன்" என்றால் என் கை இன்றைக்கும் தன்பாட்டில் கண்ணருகே போகிறது. அடுத்த நாளே நான் பயணச் சீட்டு எடுக்கப் போய்விடுகிறேன்.